தவறிய உதை

ஒரு மாகாணத்தின் மானத்தைத் தாங்குவது அதன் ஃபுட்பால் பயிற்சியாளரின் தோள்தான் என்று டேல் ஹ்ரிசாக் விருந்துதோறும் முழங்குவார். அந்த ஞாயிறு மாலை கனடாவின் மூஸ்ஜா மைதானத்து ஓரத்தில், அந்தத் தோளைக் காதுவரை குறுக்கிக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை சங்கத் தலைவர் பெல்ட்டியே பத்திரிகைக்காரர்களிடம், பயிற்சியாளர் மீது தங்களுக்கு முழு நம்பிக்கை இருப்பதாகச் சொல்லிவிட்டார். இந்தத் தொழிலில் அதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. லெத்பிரிட்ஜிலும் சட்பரியிலும் இதே நம்பிக்கையை வைத்துத்தான் ஹ்ரிசாக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவி கோலீன் அதைக் கேட்டதும், குளிர்காலத்துக்கென்று வாங்கிய உருளைக்கிழங்கு மூட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் கனடா ஃபுட்பால் அது; இரு அணிகளுக்கும் சமமான புள்ளிகள். இன்னும் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நேரம். பனி சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

“டேல், வீட்டுச் சாமான் ஏத்துற லாரி வாசல்ல நிக்குதுப்பா,” என்றது பார்வையாளர்களின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“டீசல்கூடப் போட்டாச்சு,” என்றது இன்னொன்று.

துணைப் பயிற்சியாளர் வெண்டெல் நெருங்கி வந்தார். “சோரனை உதைக்கச் சொல்லுங்க கோச். கம்பத்துக்கு நடுவுல போனா மூணு புள்ளி. தவறிப்போய் கம்பத்துக்குப் பின்னால அவங்க எல்லைக்குள்ள விழுந்தாலும், எடுத்தவனை அங்கயே அமுக்கிட்டா ஒண்ணு. நமக்கு ஒண்ணு போதும்.”

“தவற விட்டு ஜெயிக்கிறதா? இதுக்கா இந்தப் பசங்களுக்கு இவ்வளவு சொல்லிக் குடுத்தேன்?”

“நீங்க சொல்லிக் குடுத்ததை வச்சுத்தான் கோச் இவ்வளவு நேரம் ஆடினோம்.”

ஹ்ரிசாக் தலையசைத்தார். சோரன் உதைத்தான். பந்து கம்பத்தை விட்டு விலகி எல்லைக்குள் விழுந்தது. எதிரணிக்காரன் அதை எடுத்து, பிடிபடுவதற்குள் திருப்பி வெளியே உதைத்துவிட்டான். இந்த நாட்டு ஆட்டத்தில் அதுவும் செல்லும். பனிக்குள் பந்து சுழன்று வந்தது. அது யார் கையில் சேரும் என்று நினைக்கும்போதே, திரைச்சீலை கழற்றிய ஜன்னலோரம் கோலீன் நிற்பது ஹ்ரிசாக்கின் கண்ணுக்குள் வந்தது. பிறகு அரங்கம் அதிர்ந்தது. யாருக்காக அதிர்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

வெண்டெல் அவர் கையைப் பிடித்து உலுக்கினார். “சோரனே பிடிச்சு மறுபடி உள்ள உதைச்சான் கோச். அவங்க ஆளு எடுக்கப் போய் வழுக்கி விழுந்தான், நம்ம பசங்க மேல படுத்துட்டாங்க. ஒண்ணு. முடிஞ்சது.”

மைதானத்திலேயே மைக்குகள் நீண்டன. பக்கத்தில் பெல்ட்டியே, எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

“அந்த ரெண்டாவது உதை அதிர்ஷ்டம்னு சொல்றாங்களே?”

“அதிர்ஷ்டமா?” ஹ்ரிசாக்கின் குரல் கனத்தது. “வாரம் பூரா அதைத்தான் பழகினோம். பந்து மேல வச்ச கண்ணை நான் எடுக்கவே இல்ல.”

பெல்ட்டியே தலையாட்டிக்கொண்டே அரங்கத்தின் பெரிய திரையை நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது உதையைத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தின் ஓரத்தில், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, அணியின் சின்னமான வயல் அணில் வேடம் போட்டு ஆடுபவரின் பஞ்சு வயிற்றில் தலைமைப் பயிற்சியாளர் முகத்தைப் புதைத்திருந்தார்.