பால் டப்பாவில் எச்சில்

"அந்த டப்பாவத் தொடாதக்கா. காலைலேர்ந்து சேத்து வெச்சிருக்கேன்."

"என்னடா இது, நுரை நுரையா?"

"மோந்து பாரேன். உனக்குத் தெரியாததா?"

மோந்து பார்த்தேன். ரம், சுருட்டு, அதற்கடியில் சொத்தைப் பல்லின் புளித்த வாடை. பால் டப்பாவைச் சட்டென்று ஜன்னல் திண்டில் வைத்தேன். ஒன்பது வருடங்களாக ஆய்வுக்கூடத்தில் தினமும் எட்டு மணி நேரம் நான் முகர்கிற வாடைதான்.

"எச்சில்" என்றேன். "யாரோடது?"

"எல்லாரோடதும்" என்றான் என் தம்பி ஓஸ்னியெல். கட்டிலில் சாய்ந்து, துணி சுற்றிய இடது காலை முக்காலியில் தூக்கி வைத்திருந்தான். "டோமினோ ஆடற நாலு பேரு, எதிர்வீட்டு மிரெய்டா, அப்புறம் ரொட்டிக்கு வரிசைல நின்ன ஆளுங்க. 'கடைசி யாரு'ன்னு கேட்டு, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்து துப்பிட்டுப் போனாங்க. ஒருத்தர்கூட முந்தலக்கா!"

பெருமையாகச் சொன்னான்.

தப்பு என்னுடையதுதான். அக்டோபரில் அவன் காலில் செருப்பு ஆணி குத்தியது. சர்க்கரைக்காரனின் கால், பாதத்தில் எலுமிச்சை அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரியில் வந்து படுத்து ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று மருத்துவர் சொன்னார். இவன் மாட்டேன் என்றான். டிசம்பர் பதினேழு, புனித லாசரோவின் நாளன்று ரின்கோனில் இருக்கும் அவர் கோயில் வரை முட்டிபோட்டே வருவதாக நேர்ந்துகொண்டிருக்கிறானாம். அதுவரை கத்தி, ஊசி எதுவும் படக்கூடாதாம். அலமாரியின் மேல் ஊதாத் துணி போர்த்தி நிற்கும் அந்தப் புனிதரின் சிலையில், அவர் கால் புண்ணை இரண்டு நாய்கள் நக்கிக்கொண்டிருக்கும். ஆகவே இவனும் புண்ணைத் திறந்துவைத்து, தன் நாய் கனேலோவை நக்கவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது முதலில் காதில் விழுந்தது அந்தச் சத்தம்தான். சளப், சளப். வாசலிலேயே வாந்தி எடுத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு நான் கத்திய வாக்கியம் இது: "எச்சில்தான் வேணும்னா நாய் எச்சிலுக்கு மனுஷ எச்சிலே மேலுடா!"

அதைச் சிலையின் முன்னால் நின்று சொல்லிவிட்டேன். லாசரோவின் முன்னால் சொன்னதை ஓஸ்னியெல் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை, உத்தரவாக எடுத்துக்கொள்வான். போதாக்குறைக்கு அன்று என் வேலையையும் விளக்கினேன். நம் எச்சிலிலும் வியர்வையிலும் தோலிலும் உடம்பே பெப்டைட் என்ற குட்டிப் புரதத் துண்டுகளைச் செய்துவைக்கிறது; அவை கிருமியின் மேலுறையில் ஒட்டி ஓட்டை போடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அவற்றைத் தேனீக்கூட்டமாக நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. அந்தக் கற்பனை இல்லையென்றால் ஒன்பது வருடங்கள் என்னால் தள்ளியிருக்க முடியாது. ஏனென்றால் அந்தத் தேனீக்களிடம் போகிற வழி, எலுமிச்சைத் துண்டைச் சப்பிவிட்டு யார் யாரோ சோதனைக் குழாயில் வடிக்கிற எச்சில்தான். நூல் நூலாக இழுபடும். கையுறையில் ஒட்டும். வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்க முடியாது.

"புண்ணுல ஊத்திட்டியா?" என்று கேட்டேன்.

"ரெண்டே தடவ."

துணியைப் பிரித்தேன். கடைசிச் சுற்று புண்ணோடு ஒட்டிக்கொண்டு, ஈரமான சத்தத்துடன் விட்டது. குழிக்குள் மஞ்சள் சேறு. சேற்றின் மேல், யாருடையதோ ஒரு புகையிலைத் துணுக்கு. சுண்டுவிரலின் ஓரம் கறுத்திருந்தது. போன வாரம் அது சிவப்பாகத்தான் இருந்தது.

"ஓஸ்னியெல், கேளு. நாப்பது குழாய் எச்சில மூணு நாள் பிரிச்சா எனக்கு அடியில ஒரு தூசி கெடைக்கும். அந்தத் தூசிதான் மருந்துக்கு ஆகுமான்னு பாக்கறோம். மிச்சமெல்லாம் கிருமிடா. ஒரு சொட்டுல கோடிக்கணக்குல இருக்கு. நீ தேனுன்னு நெனச்சு சாக்கடைய ஊத்திக்கிட்டிருக்க."

"அப்ப என் ஒடம்பு ஏன் அதச் செய்யல?"

"சர்க்கரை ஏறிட்டா புண்ணுக்கு வேண்டிய அளவு செய்யாது. அதான் ஊசி போடச் சொல்றாங்க."

ஜன்னலில் மிரெய்டாவின் தலை தெரிந்தது. "ஏன்டி ஒடால்மிஸ், யார் எச்சில சாக்கடைங்கற? நான் பல் வெளக்கிட்டுதான் துப்பினேன். ரமோன் துப்பினதுதான் சாக்கடை!"

"ரம் கிருமியக் கொல்லும்டி!" என்று டோமினோ மேசையிலிருந்து ரமோனின் குரல் வந்தது. காய்களைக் கலைக்கிற சத்தத்தோடு எல்லோரும் சிரித்தார்கள்.

ஜன்னலைச் சாத்தினேன். டப்பாவைக் கழிவறையில் கவிழ்த்தேன். ஒரேயடியாக விழாமல், கட்டியாக வழுக்கி, விளிம்பில் தொங்கி, பிறகு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். உப்புநீரைக் காய்ச்சி ஆறவைத்து வந்து புண்ணைக் கழுவினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். வெளியே கட்டிப்போட்டிருந்த கனேலோ கதவைப் பிறாண்டியது.

"பதினேழாம் தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. இந்தக் கறுப்பு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது. முட்டிபோடக் கால் வேணுமா வேண்டாமா?" என்றேன். "ரமோன்கிட்ட கார எடுக்கச் சொல்றேன். இப்பவே போலாம்."

அவன் சிலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சின்ன வயதில் மாத்திரை விழுங்க அடம்பிடிப்பானே, அதே முகம்.

"வரேன்" என்றான். "நாயக் கட்டிப்போட்டேன்ல? டப்பாவக் கொட்டினப்ப சும்மா இருந்தேன்ல? ஊசியும் போட்டுக்கறேன். ஆனா அவர் முன்னாடி நீ சொன்ன வார்த்தைய நீதான் முடிச்சு வெக்கணும். ஊரார் எச்சில் அசிங்கம், சரி. உன்னோடது?"

"என்னடா சொல்ற?"

கழுவிச் சிவந்த புண்ணை என் முகத்தை நோக்கி உயர்த்தினான். குமட்டலில் என் வாயெல்லாம் எச்சில் ஊறியது. எலுமிச்சையே தேவைப்படவில்லை.

"ஒரே ஒரு தடவக்கா. துப்பு. அப்புறம் போலாம்."