ஒரே ஐபியில் இரண்டு பேர்

நல்லூரில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் இணைப்புக்கு ஐபி அட்ரஸ் என்னும் தனி எண்ணை ஒதுக்குவது இந்துமதியின் வேலை. அன்று மத்தியானம் தையல் யூனிட் முதலாளி சிவசுப்பிரமணியம் செல்போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஏனுங்கம்மணி, என்ற யூனிட் கேமராவுல வேற யாரோ ஊடு தெரியுதுங்க. ஒரு பொம்பள கீழ கெடக்கறாங்க. அசைவே இல்லீங்க."

வாங்கிப் பார்த்தாள். பாய்கூட இல்லாமல் வெறும் தரையில் ஒருத்தி ஒருக்களித்துக் கிடந்தாள். யூனிட் கேமராவில் வீடு எப்படி வரும்?

கம்ப்யூட்டரில் பார்த்தபோது அவருடைய ஐபி இரண்டு பெயர்களில் இருந்தது. இன்னொருவன் நிட்டிங் ஆபரேட்டர் அந்தோணிராஜ். வேலையிடத்திலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க மாறாத ஐபி வேண்டுமென்று போன வாரம் கேட்டிருந்தான். ஏற்கெனவே கொடுத்ததையே அவனுக்கும் கொடுத்துத் தொலைத்திருக்கிறாள். இரண்டும் ஒரே மாதிரிக் கேமரா. வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டை இருவருமே மாற்றவில்லை. அதனால் இவர் போனில் அவன் வீடு திறந்துவிட்டது.

அவன் போனை எடுக்கவில்லை. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். இருவரும் வண்டியில் விரைந்து போய்க் கதவைத் தட்டினார்கள். வெகுநேரம் கழித்து, தூக்கம் கலையாத கண்களோடு அவன் மனைவி விஜயராணி திறந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களே? தரையில விழுந்து கெடந்தீங்களேன்னு..." என்றாள் இந்துமதி.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்கிட்டு இருந்தேன். நான் தரையில படுத்திருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேமராவுல பார்த்தமுங்க" என்றாள் இந்துமதி.

"எந்தக் கேமரா?"

இந்துமதி உள்ளே சுவரை அண்ணாந்து பார்த்தாள். சிவசுப்பிரமணியம் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு தெருப்பக்கம் திரும்பி நின்றார். மாதா படத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பூக்களுக்கு நடுவே அது இருந்தது. விஜயராணி ஸ்டூல் போட்டு ஏறி, வயரோடு பிடுங்கி எடுத்தாள்.

"இதுல பேசுறதும் கேக்குமா?"

"தெரியலீங்க."

கேட்கும் என்று இந்துமதிக்குத் தெரியும். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதுதான் தெரியவில்லை.

ஆபீசுக்குத் திரும்பிச் சிவசுப்பிரமணியத்தின் இணைப்பைச் சரிசெய்து முடிப்பதற்குள் அந்தோணிராஜ் கூப்பிட்டான்.

"அக்கா, கேமரா வரமாட்டேங்குது. வேற ஐபி போட்டுத் தர முடியுமா?"

முடியும், அரை நிமிட வேலை. கேமராவைப் பிடுங்கியது அவனுக்கு இன்னும் தெரியாது போல. கேட்கிறவன் வாடிக்கையாளன். மறுக்க எந்த விதியும் இல்லை. ஆனால் விரல் நகரவில்லை.

"உங்க ஊட்ல கேட்டுட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சொன்னது சரிதானா, அவன் போய் விஜயராணியிடம் என்ன கேட்பான், ஒன்றும் இந்துமதிக்குப் பிடிபடவில்லை.