பின்னாடிக்கு முன்னாடி ஊற்றியது

அத்தான் அந்த வாக்கியத்தின் நடுவில் ஒரு கணம் நிறுத்தினாரா இல்லையா என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நிறுத்தினார் என்று சில நாள் தோன்றும். ஒரே மூச்சில்தான் சொன்னார் என்று சில நாள் தோன்றும். பதினோரு வருடங்களாக மனதுக்குள் ஓட்டி ஓட்டி அவர் குரல் தேய்ந்து என் குரலாகவே ஆகிவிட்டது. அதனால் அந்த ஓர் இடத்தில் மட்டும் என்னை நம்ப வேண்டாம். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போடும் வேலை. அடிவாரத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப், ஸ்டோர், தகரக் கூரை வீடுகள். ஏழு வளைவுகளுக்கு மேலே, பாறை துளைக்கிறவர்களின் முகாம். லாரி நாலாவது வளைவு வரைதான் ஏறும். அதற்கு மேல் சரளைக்கல் தடம். அதில் போக ஒரே ஒரு வண்டி இருந்தது. பைக் மாதிரி காலை அகட்டி உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கர வண்டி. எந்தத் தரையிலும் தவ்விப் போனதால் அதற்குத் தவளை என்று பெயர்.

தவளையை ஓட்டியது என் அக்கா. முகாமின் நர்ஸ். வாரம் இரண்டு நாள் மருந்துப் பெட்டியோடு மேலே போவாள். அவள் கணவரான அத்தான்தான் ஒர்க்‌ஷாப்பின் தலைமை மெக்கானிக். பேசினால் காசு ஏறிவிடும் என்பதுபோல் பேசுவதால் எல்லோரும் அவரை மீட்டர் என்றார்கள். நான் லாரி பார்க்கிறவன். தவளையை அவர் என்னைத் தொடவிட்டதில்லை. "பொண்டாட்டி ஏறுற வண்டி," என்பார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

அந்த வாரம் அவர் நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தார். தவளைக்கு எண்ணெய் மாற்றவேண்டிய கெடு தாண்டிவிட்டது. அன்றைக்கு அக்கா மேலே போகும் நாள். காலை ஏழு மணிக்கு நானே ஸ்பேனரை எடுத்தேன்.

மூன்று இடத்தில் எண்ணெய். என்ஜின் ஒன்று. சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மூன்றையும் மூன்று தட்டில் வடித்தேன்.

என்ஜினுக்கு ஸ்டோர்காரர் கார் எண்ணெய் டின்னை எடுத்துத் தந்தார். புதிது, உயர்ந்த ரகம். நான் வேண்டாம் என்றேன். தவளைக்கு கிளட்சும் என்ஜினும் ஒரே எண்ணெயில்தான் ஊறுகின்றன. கார் எண்ணெயில் வழுக்குவதற்கென்றே ஏதோ சேர்த்திருப்பார்கள். அதை ஊற்றினால் கிளட்ச் பிடிக்காது. பைக் எண்ணெய்தான் வேண்டும் என்று சொல்லி, இதையெல்லாம் விளக்கவும் செய்தேன். கொஞ்சம் பெருமையாகவே.

"எண்ணெய்னா வழுக்கணும். வழுக்கக் கூடாதுன்னா தண்ணிய ஊத்துப்பா," என்று சொல்லிக்கொண்டே அவர் பைக் எண்ணெயைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

முன் டிஃபரன்ஷியலுக்குக் கெட்டியான கியர் எண்ணெய். அதில் சந்தேகமில்லை. பின்னதற்கு வந்தபோதுதான் கை நின்றது. அத்தானின் அலமாரியில் இரண்டு டின்கள். ஒன்று அதே கியர் எண்ணெய். இன்னொன்று லேபிள் ஊறிக் கிழிந்துபோன, நீர்த்த மஞ்சள் எண்ணெய். அத்தானுக்குப் போன் செய்தேன். பின்னாலே எதை ஊற்றுவது என்று கேட்டேன்.

"பின்னாடிக்கு முன்னாடி ஊத்தினதையே ஊத்து, மாப்ளே."

வைத்துவிட்டார். நான் முன்னால் ஊற்றிய கியர் எண்ணெய் டின் கையிலேயே இருந்தது. லாரியில் முன்னுக்கும் பின்னுக்கும் அதே எண்ணெய்தான். திரும்பக் கூப்பிட்டு நிச்சயப்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. 'கட்டுப் போட்டது கண்ணுக்குத்தான், உனக்குக் காதுலயா' என்பார். அதைக் கேட்க மனமில்லை. ஊற்றி மூடினேன்.

முற்றத்தில் ஓட்டி, கால் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். சமதளம். பிடித்தது.

ஒன்பது மணிக்கு அக்கா ஏறி உட்கார்ந்தாள். "உங்க அத்தான் கை படாத வண்டியில இன்னைக்குத்தான் ஏறுறேன். ஏதாவது ஆச்சுன்னா நீதான்டா எனக்கு மாத்திரை தரணும்," என்றாள். சிரித்தேன். தவளை புழுதியோடு முதல் வளைவில் மறைந்தது.

மதியம் ஸ்டோரில் சாப்பிட உட்கார்ந்தோம். ஸ்டோர்காரருக்கு வயிற்றுப் புண். அக்கா கொடுத்த மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தவர், தானாகவே சிரித்தார். முதன்முதலில் அவள் மாத்திரை கொடுத்தபோது, சாப்பாட்டுக்கு முன்னாடி என்று மட்டும் சொன்னாளாம். இவர் தட்டுக்கு முன்னாடி மாத்திரையை வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தாராம். "வயிறு சரியாகல, மருந்து சரியில்லன்னு போய் அவகிட்டயே சண்டை போட்டேன்."

நானும் சிரிக்கத் தொடங்கினேன். பாதிச் சிரிப்பில் நிறுத்தினேன்.

முன்னாடி என்றால் முன்பக்கம். முன்னாடி என்றால் போன தடவையும்தான்.

தட்டைத் தள்ளிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். காலையில் வடித்த மூன்று தட்டுகளும் அப்படியே இருந்தன. பின்னாலிருந்து வடித்ததில் விரலை விட்டேன். நீர்த்திருந்தது. மஞ்சள். விரலில் மையிட்டதுபோல் நுண்ணிய கறுப்புத் தூள். அந்தத் தூள் பிரேக் தகட்டின் தேய்மானம். காலால் மிதிக்கும் பின் பிரேக் தவளைக்குச் சக்கரத்தில் இல்லை. பின் டிஃபரன்ஷியல் கூட்டுக்குள்ளேயே, எண்ணெயில் ஊறியபடி இருக்கிறது. அந்த மஞ்சள் எண்ணெய் பல்சக்கரத்துக்கு மட்டுமல்ல, பிரேக்குக்கும் சேர்த்து. கெட்டிக் கியர் எண்ணெயில் அந்தத் தகடுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும். சமதளத்தில் தெரியாது. பாரத்தோடு இறங்கி, சூடு ஏறும்போது தெரியும். முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் சரளையில் முன்சக்கரம் சறுக்கும். இடது பக்கம் பள்ளம்.

கிளட்ச் வழுக்கும் என்று வகுப்பெடுத்தவன் பிரேக்கை வழுக்கவிட்டிருந்தேன். வடித்த எண்ணெயே பதில் சொல்லியிருக்கும். நான் அதைப் பார்க்கவில்லை.

மேலே போன் எடுக்காது. அக்கா இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்குவாள். மணி ஒன்று நாற்பது. லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரக்கட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு லாரியை எடுத்தேன். நாலாவது வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பத்து. லாரியை ஓரமாக நிறுத்தி, கட்டையை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஓடினேன்.

ஐந்தாவது வளைவில் சத்தம் கேட்டது. என்ஜின் அலறிக்கொண்டிருந்தது. முதல் கியரில் இறங்குகிற அலறல். பிறகு தவளை தெரிந்தது. அக்காவுக்குப் பின்னால், முறிந்த காலில் கட்டைகள் வைத்துக் கட்டிய ஓர் ஆளை அவள் முதுகோடு சேர்த்துத் துணியால் இறுக்கியிருந்தார்கள். பாறை துளைக்கிறவர். அவர் முகம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. அவள் வலது கால் பிரேக்கை அடிவரை மிதித்திருந்தது. சக்கரம் உருண்டுகொண்டே இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. "நிக்காது. முன்னாடி ஓடிப் போய்க் கட்டை வை," என்றாள்.

இந்தமுறை எனக்குச் சந்தேகம் வரவில்லை. தடத்தை விட்டுக் குறுக்கே சரிவில் விழுந்து எழுந்து ஓடினேன். நாலாவது வளைவில் சரிவு கொஞ்சம் தளரும். கட்டையைத் தடத்தின் குறுக்கே போட்டு, அதன்பின் கையில் கிடைத்த கற்களை எல்லாம் குவித்தேன். தவளை வந்தது. முன்சக்கரங்கள் கட்டையில் ஏறி, கற்களைத் தள்ளி, லாரியின் முன் டயரில் மெதுவாக முட்டி நின்றன. பாறை துளைக்கிறவர் ஒரு தடவை கத்தினார். அக்கா என்ஜினை அணைத்தாள்.

முதல் கியரும் கிளட்சும்தான் அவளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தன. காலையில் தர்க்கம் செய்து வாங்கிய எண்ணெய் அந்தக் கிளட்சை வழுக்கவிடவில்லை. நல்லவேளையாக அன்றைக்கு இது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சமாதானம் ஆகியிருப்பேன்.

வெகுநேரம் அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு கேட்டாள். "பின்னால என்ன ஊத்தினே?"

சொன்னேன். அத்தான் சொன்ன வாக்கியத்தையும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்காமல் பள்ளத்தைப் பார்த்தாள். "பதினஞ்சு வருஷமா அந்த மனுஷன் சொல்றதுக்கு ஒவ்வொரு தடவையும் என்னன்னு திருப்பிக் கேட்டுத்தான்டா குடித்தனம் பண்றேன். நீ ஒரு தடவைகூடக் கேக்கலையே."

பாறை துளைக்கிறவரை லாரியில் படுக்கவைத்துக் கீழே கொண்டுபோனோம்.

மாலை அத்தானைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"எத்தனாவது வளைவு?" என்றார்.

"அஞ்சுல பார்த்தேன், அத்தான். பிரேக் அதுக்கும் மேலயே போயிருக்கும்."

"அவகிட்ட குடு."

அக்கா போனை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மீட்டர் அவ்வளவு நேரம் பேசியதை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பிறகும் இல்லை.

பாறை துளைக்கிறவருக்குக் கால் கூடியது, சற்று விந்தி நடப்பார். ஸ்டோர்காரர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டில் இருக்கிறார். சுரங்கம் முடிந்ததும் தவளையை வேறு வேலைக்குக் கொண்டுபோனார்கள். அத்தானுக்கு ஒரு கண்ணில் மட்டும் பார்வை வந்தது. இப்போது அவர் முன்னாடி என்று சொல்வதில்லை. போன தடவை என்பார், அல்லது முன்பக்கம் என்பார். அக்கா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கிறாள். நான் லாரி பார்க்கிறேன், எதையும் இரண்டு முறை கேட்கிறேன். பின்னாடிக்கு என்ற சொல்லுக்குப் பிறகு நிறுத்தினாரா என்று மட்டும் அவரிடம் இன்னும் கேட்கவில்லை.