கைத்தட்டு வைத்த பாட்டு

கட்சியில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பத்திரண்டு. இதே தொகுதியில் இரண்டு முறை நின்று தோற்றவள், இது மூன்றாவது முறை. மேடையில் அவள் பேச ஆரம்பித்தால் எதிர்க்கட்சிக்காரனும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவான். ஆனால் அந்த ராக் பாடகரின் பேச்சை யாராவது எடுத்துவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவாள். எந்தப் பாட்டு எந்த வருஷம் வந்தது, எந்தக் கச்சேரியில் கிடார் கம்பி அறுந்தது, எல்லாம் மனப்பாடம். வாக்குச்சாவடி எண்களைக் கேட்டால்தான் தம்பியின் முகத்தைப் பார்ப்பாள்.

தம்பி என்றால் கூடப் பிறந்த தம்பி. பிரச்சாரம் முழுக்க அவன் பொறுப்பு. "அக்கா, நாம ஓட்டு கேக்கப் போறோமா, கச்சேரிக்குப் போறோமா?" என்று தினமும் ஒரு தடவையாவது கிண்டல் செய்வான். செய்யாமல் என்ன? மூன்று நாளில் நான்கு தடவை பிரச்சார வண்டி பாடகரின் தெருவுக்குப் போயிருந்தது. அந்தத் தெருவில் மொத்தமே பதினேழு ஓட்டு.

கடைசியில் ஒரு நாள் காலையில் அவளே போய்க் கதவைத் தட்டினாள். இருபது வருஷத்துக்கு முன் அவர் பாடிய ஒரு பாட்டைப் பிரச்சாரத்துக்குத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாடகர் கூப்பிட்டுச் சோபாவில் உட்கார வைத்தார். ஆயிரம் பேர் முன்னால் மைக் பிடிக்கிறவள், பத்தொன்பது வயதில் மைதானத்தில் மூன்று மணி நேரம் மழையில் நின்று அவர் பாட்டைக் கேட்ட கதையைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள்.

பாடகருக்கு அறுபது தாண்டியிருந்தது. முடி பாதி போயிருந்தது. சிரித்தார்.

"எந்தக் கட்சிக்கும் நான் பாட்டு குடுத்ததில்ல. நீங்க மழையில நின்னதா சொல்றீங்க, அதுக்காகத் தர்றேன். ஆனா எதையும் மாத்தக் கூடாது. அதுல ட்ரம்ஸ் வாசிச்சது என் தம்பி."

அது அவளுக்குத் தெரியும். அந்தப் பாட்டைப் பதிவு செய்த நாலாம் நாள் அந்தத் தம்பி பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனார். ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாதது, இப்போது தண்ணீர் கொண்டுவந்து வைத்த கல்லூரிப் பெண்.

"இவ அவன் பொண்ணு. அப்போ பத்து மாசக் குழந்தை. அவன் பேசினது ஒண்ணுகூட எங்கேயும் பதிவாகல. இவளுக்கு அப்பான்னா அந்த வாசிப்புதான். பரீட்சைக்குப் படிக்கும்போதும் அதைப் போட்டு வெச்சுக்குவா."

"பெரியப்பா, போதும்," என்று அந்தப் பெண் கூச்சத்தோடு உள்ளே போய்விட்டாள்.

"ஒரு அடியக்கூட மாத்த மாட்டேங்க. இது என் வாக்கு," என்றாள் அக்கா. மனசாரத்தான் சொன்னாள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பாட்டு தெருவுக்கு வந்த முதல் நாளே சந்தி சிரித்தது. ஒன்பது பிரச்சார வண்டிகளுக்கும் ஒலிபெருக்கி கட்டியிருந்த மைக்செட்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"அக்கா, குழாய் ஸ்பீக்கர்ல கனமான சத்தம் ஏறாது. வண்டி ஓடும்போது ட்ரம்ஸ் சுத்தமா காணாமப் போகுது. கேக்கறதும் காலி டப்பாவத் தட்டின மாதிரி இருக்கு. ஜனங்க சிரிக்கிறாங்க. அதை எடுத்துட்டுக் கைத்தட்டு வெச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

அக்கா பதில் சொல்லவில்லை. தம்பி பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. மறுநாள் காலை அவள் வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் பாட்டு ஆரம்பித்தது. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது சரணம் தொடங்கும் முன்னால் அந்த ட்ரம்மர் ஒரு இமைப்பொழுது தாமதிப்பார். அந்த இடத்துக்காகவே அவள் அந்தப் பாட்டை எத்தனை நூறு தடவை கேட்டிருப்பாள். அங்கே இப்போது பளார் பளாரென்று இரண்டு கைத்தட்டு.

"டேய், நான் அவருக்கு வாக்கு குடுத்திருக்கேன்டா."

"பதிமூணு நாள்தானேக்கா. அவர் தெருப் பக்கம் வண்டி போகாம நான் பாத்துக்கறேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். நடைபாதையில் நின்ற ஜனங்கள் பாட்டோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தேர்தலிலும் அவளைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்ட தெரு அது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் பாட்டு வண்டிக்குள் அடங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் தட்டினார்கள், கடை வாசலில் தட்டினார்கள், பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் தட்டிக்கொண்டே வீட்டுக்குப் போயின. அவர் தெருப் பக்கம் வண்டி போகவில்லை, ஆனால் கைத்தட்டு போய்விட்டது.

பிரச்சாரம் முடிய மூன்று நாள் இருக்கும்போது பாடகர் அவளுடைய தேர்தல் அலுவலகத்துக்கு வந்தார். மனு கொடுக்க வந்தவர்களோடு வரிசையில் நின்றார். துண்டுப் பிரசுரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அடையாளம் கண்டு சொல்ல, அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

"அதுல என் தம்பி இல்லையேம்மா," என்றார். "எனக்குக்கூடப் பரவாயில்ல, வயசாயிடுச்சு. அந்தப் பொண்ணு காலேஜ் போற வழியெல்லாம் அந்தக் கைத்தட்டைத்தான் கேக்கறா. இன்னைக்கே நிறுத்திடுங்க."

"மன்னிச்சிடுங்க. இன்னைக்கே நிறுத்திடறேன்," என்று அவள் எல்லார் முன்னாலும் அழுதாள். இதுவும் மனசாரத்தான்.

அவர் போனதும் தம்பி அவளை உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான்.

"இப்போ நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. பாட்டுத் திருடின்னு போஸ்டர் அடிப்பாங்க. மூணே நாள். ஜெயிச்சுட்டுப் போய் அவர் கால்லயே விழுவோம். இந்தத் தடவையும் தோத்தா உனக்கு அடுத்த தடவை சீட்டு கிடையாது, தெரியுமில்ல?"

அவள் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேஜைமேல் கிடந்த பேச்சுக் குறிப்பை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். படிக்கிறாளாம்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒன்பது வண்டியும் நின்றிருக்கும். வெளியே அவை ஒவ்வொன்றாகக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அறுநூற்று நாற்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

மாலையும் மரியாதையும் அடங்க எட்டு நாள் ஆனது. ஒன்பதாம் நாள் தனியாகப் பாடகர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அவருடைய தம்பி மகள்.

"பெரியப்பா உள்ளதான் இருக்காரு. உங்களைப் பாக்க இஷ்டமில்லன்னு சொல்லிட்டாரு. நீங்க உக்காருங்க ஆன்ட்டி."

கோபமாகப் பேசியிருந்தால் தாங்கிக்கொள்ள வழி இருந்திருக்கும். அந்தப் பெண் எதிரே வந்து உட்கார்ந்து, பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள்.

"ஆன்ட்டி, நேத்து பழைய பாட்டைப் போட்டுக் கேட்டேன். அப்பா வாசிச்சதுதான் அது. அதுல கைத்தட்டு கிடையாது, எனக்குத் தெரியும். ஆனா எனக்குக் கேக்குது. அப்பா வாசிக்கிற இடத்துலயெல்லாம் அது முந்திக்கிட்டு வந்து நிக்குது. நாலஞ்சு தடவை திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன். கொஞ்ச நாள் ஆனா போயிடும்ல?"

அக்காவும் போட்டுப் பார்த்திருந்தாள். ஜெயித்த மறுநாளே, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. முப்பது வருஷம் கச்சேரி கேட்ட காது அவளுடையது, அதிலேயே கைத்தட்டுதான் கேட்டது.

"போயிடும்மா," என்றாள். தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் வரும், வேலை வரும் என்று சொல்லிப் பழகிய குரல். துளிகூட நடுங்கவில்லை.

அந்தப் பெண் நம்பிவிட்டாள்.