எடைக்கு எடை வெல்லம்

என் புருஷன் சிகரெட்டை விட்டது ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்குத் தொந்தி போட்டது மட்டும் ஊருக்கே தெரியும். இதை நெனைச்சா இன்னிக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

இவரு பேரு இளவரசன். காந்தி மார்க்கெட்ல வெங்காய மண்டி. முப்பது வருஷமா ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் ஊதின மனுஷன். போன வருஷம் பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி, மண்டியில சரக்கு பாத்துக்கிட்டு இருந்தவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே மூட்டை மேல சாஞ்சுட்டாரு. லோடு இறக்குற டோமினிக்தான் தூக்கி ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. ரெண்டு நாள் கழிச்சு டாக்டர் வந்தாரு. "இனிமே ஒண்ணு பத்த வெச்சீங்கன்னா என்கிட்ட வராதீங்க. நேரா ஓயாமரி சுடுகாட்டுக்குப் போயிடுங்க"ன்னாரு. நல்ல மனுஷன், மூடி மறைச்சுப் பேசத் தெரியாது.

அந்த ஐசியூ வாசல்ல நின்னுதான் நான் நேர்ந்துக்கிட்டேன். ஸ்ரீரங்கத்துல என் நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்துல, வாய்க்கால் ஓரமா ஒரு சின்ன மாரியம்மன் கோயில் இருக்கு. கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்குச் சண்டை, சமாதானம் எல்லாம் அவகிட்டதான். "ஆத்தா, இந்த ஆளு ஒரு வருஷம் சிகரெட்டைத் தொடாம இருக்கட்டும். உன் தராசுல உக்கார வெச்சு எடைக்கு எடை வெல்லம் கொட்டுறேன்"னு சொன்னேன். அன்னிக்கு அவரு அறுபத்திரண்டு கிலோ. எலும்பும் தோலுமா ஒரு ஆளுக்கு அறுபத்திரண்டு கிலோ வெல்லம்னா அம்மனுக்கே கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருந்திருக்கும்.

மனுஷன் விட்டுட்டாரு. நிஜமாவே விட்டுட்டாரு. முதல் ஒரு மாசம் எடமலைப்பட்டி புதூர்ல எங்க தெருவே பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். குக்கர் விசில் அடிச்சா கோவம், பக்கத்து வீட்டு நசீரா பைக் ஸ்டார்ட் பண்ணினா கோவம், கோவம் வரலேன்னா அதுக்கு ஒரு கோவம். ராத்திரி பகலா கை ரெண்டும் எதையோ தேடிக்கிட்டே இருக்கும். நான் ஒரு டப்பா நெறைய கடலை மிட்டாய் வாங்கி அந்தக் கையில குடுத்தேன். அங்கதான் ஆரம்பிச்சுது.

கடலை மிட்டாய் போயி முறுக்கு வந்துச்சு. முறுக்கு போயி, இல்லை இல்லை, முறுக்கு போகவே இல்லை, அது கூட நேந்திரங்காய் சிப்ஸ் வந்துச்சு. மண்டிக்கு எதுத்தாப்ல பஜ்ஜி போடுறவன் இவரைக் கண்டா எழுந்து நிக்க ஆரம்பிச்சான். வீட்டுல பாயசம் வெச்ச பாத்திரத்தைத் தேய்க்கிற வேலையே எனக்கு இல்லை. நான் சந்தோஷமாத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். தின்னுட்டுப் போகட்டும், மூச்சு வாங்காம மாடி ஏறுறாரே, அது போதும்னு.

ஊரு சும்மா இருக்குமா?

மொதல்ல மார்க்கெட். மண்டியில வெங்காய மூட்டையை எடை போடுற எலக்ட்ரானிக் மெஷின் ஒண்ணு தரையோட கெடக்கும். ஒரு நாள் டோமினிக் வெளையாட்டா, "ஏறுங்க மொதலாளி"ன்னுருக்கான். இவரும் ஏறியிருக்காரு. அவன் சாக்பீஸை எடுத்துத் தூண்ல எழுதிட்டான். மறுநாளும் எழுதினான். பத்து நாள்ல அது மார்க்கெட்டுக்கே வாடிக்கையாயிடுச்சு. கேரட் மண்டிக்காரரு, வாழைத்தாரு ஏலம் விடுறவரு எல்லாம் காலையில வந்து, "இன்னிக்கு இளவரசன் எவ்வளவு?"ன்னு பாத்துட்டுத்தான் அவங்கவங்க கடையைத் தொறக்கறது. டீக்குப் பந்தயம் வேற. "மொதலாளி ஒண்ணரை மூட்டையைத் தாண்டிட்டாரு, இன்னிக்கு டீ உங்களுது"ன்னு. ஆடி பொறக்கும்போது தூண்ல எண்பத்து மூணு.

நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்த அன்னிக்கு ஓடி வந்தது டோமினிக் ஒருத்தன். எண்பத்து மூணைப் பாக்க மார்க்கெட்டே வந்துச்சு.

அப்புறம் என் நாத்தனார், வள்ளிக்கண்ணு அண்ணி. இவருக்கு அக்கா. ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, ஆனா கழுத்துல இருந்த விசில் மட்டும் ரிட்டயர் ஆகலை. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் காலையில வாக்கிங் போறவங்களை எல்லாம் சேத்து ஒரு குரூப் வெச்சிருக்காங்க. அவங்களுக்கு என் வேண்டுதல் தெரிஞ்சதும், அதைக் குடும்ப விசேஷமா மாத்திட்டாங்க. தை கடைசி வெள்ளி, சொந்தம் பூரா வரணும், போட்டோகிராஃபருக்குச் சொல்லியாச்சு, மண்டபத்துல சாப்பாடு. எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் எனக்கே சொன்னாங்க.

"ஆனா ஒண்ணு அனுசுயா. நேர்ந்த அன்னிக்கு அவன் அறுபத்திரண்டு. அம்மனுக்குச் சேர வேண்டியது அறுபத்திரண்டுதான். மிச்சம் இருபத்தொண்ணு கிலோ உன் சமையல். அதை எதுக்கு அம்மன் தலையில கட்டுற?"

"அது எப்படிங்க அண்ணி, உக்கார்ற ஆளோட எடைதானே?"

விடுவாங்களா? என்னையும் இழுத்துக்கிட்டுப் பூசாரிகிட்டப் போனாங்க. அவரு எங்க ரெண்டு பேர் பேச்சையும் கேட்டுட்டு, "பலகையில யாரு உக்கார்றாங்களோ அவங்க எடைதாங்க. பழைய எடை வேணும்னா பழைய ஆளைக் கூட்டிட்டு வாங்க, போட்டுத் தரேன்"ன்னாரு.

அண்ணி இடுப்புல கையை வெச்சுக்கிட்டாங்க. "சரி. பழைய ஆளையே கூட்டிட்டு வரோம்."

அந்த வார்த்தை வாயிலேருந்து எந்த நேரத்துல விழுந்துச்சோ.

மறுநாள்லேருந்து கொள்ளுக் கஞ்சி. வெறும் வயித்துல வெந்தயத் தண்ணி. ராத்திரிக்குப் பப்பாளி. அண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புறதை எல்லாம் நானும் வேதவாக்கா எடுத்துக்கிட்டுச் செஞ்சேன். உண்மையைச் சொல்லிடறேனே, எனக்கும் ஆசை வந்துடுச்சு. கல்யாணம் காட்சிக்குப் போனா, "என்ன அனுசுயா, உன் வீட்டுக்காரரு எத்தனாவது மாசம்?"னு கேக்கறாங்க. எத்தனை நாளைக்குப் பல்லைக் காட்டிச் சிரிக்கறது? நானே கடைக்குப் போயி எடை மெஷின் ஒண்ணு வாங்கிட்டு வந்து பாத்ரூம் வாசல்ல போட்டேன். காலையில அவரு வெளியில வர்றதுக்குள்ள நான் அங்க நின்னுக்கிட்டு இருப்பேன்.

"நேத்து எண்பத்து மூணு இருநூறு. இன்னிக்கு எண்பத்து மூணு அறுநூறு. என்ன தின்னீங்க? உண்மையைச் சொல்லுங்க."

ஒரு நாள், ஆடி நடுவுலன்னு நெனைக்கிறேன், மெஷின் மேல ஏறிக்கிட்டே, "அனு, இன்னியோட இருநூறு நாளு"ன்னாரு. மொகத்துல ஒரு சிரிப்பு.

நான் குனிஞ்சு மெஷினைப் பாத்துக்கிட்டு இருந்தேன். "எவ்வளவு காட்டுது, காலை நகத்துங்க, நம்பர் தெரியல"ன்னேன். அவரு காலை நகத்தினாரு.

தீபாவளி முடிஞ்சதும் அதிசயம் நடந்துச்சு. எடை எறங்க ஆரம்பிச்சுது. எண்பது. எழுபத்தேழு. மார்கழியில எழுபத்து மூணு. தட்டுல பாதிச் சோத்தை ஒதுக்கி வெச்சுட்டு எழுந்துடுவாரு. காலையில வாக்கிங் அரை மணி நேரமா இருந்தது ஒண்ணரை மணி நேரமாச்சு. திரும்பி வந்ததும் நேரா குளிக்கப் போயிடுவாரு. போட்டிருந்த சட்டையை அவரே துவைச்சுக் காயப் போட்டுடுவாரு. "என் புருஷன் அவரு துணியை அவரே துவைக்கிறாரு, தெரியுமா?"ன்னு நான் நசீராகிட்டப் பெருமை வேற அடிச்சுக்கிட்டேன். எந்நேரமும் வாயில கிராம்பு. கிராம்பு மென்னா கொழுப்பு கரையும்னு அண்ணி சொல்லியிருந்தாங்க.

ஊரு தலைகீழா மாறிடுச்சு. பல்லைக் காட்டிச் சிரிச்சவங்க எல்லாம், "எப்படிங்க, எப்படிங்க?"ன்னு பின்னாடியே வந்தாங்க. அண்ணி இவரை அம்மா மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயி, வாக்கிங் குரூப் முன்னாடி நிறுத்தி, மனக்கட்டுப்பாடு பத்திப் பேச வெச்சாங்க. இவரு நாலு வார்த்தை பேசிட்டு மைக்கைக் குடுத்துட்டாரு. அண்ணிதான் பாக்கி இருபது நிமிஷம் பேசினாங்க. கடைசியில சால்வை போத்தினாங்க. சிகரெட்டை விட்டதுக்கு ஒரு துண்டு போத்த நாதி இல்லை, பத்து கிலோ கொறைஞ்சதுக்குச் சால்வை.

தை கடைசி வெள்ளி. கோயில்ல நிக்க எடமில்லை. டோமினிக் மார்க்கெட் ஆளுங்களோட வந்து வெல்லத்தை இறக்கி வெச்சான், கிலோ கிலோவா கட்டின உருண்டை வெல்லம். ரெண்டு பக்கமும் சங்கிலியில தொங்குற பலகை. ஒண்ணுல இவரு வேட்டியும் துண்டுமா, மாலை போட்டுக்கிட்டுச் சம்மணம் போட்டு உக்காந்தாரு. இன்னொண்ணுல பூசாரி வெல்லப் பொட்டலத்தை அடுக்க, டோமினிக் சத்தமா எண்ணினான். அறுபது தாண்டுச்சு. அறுபத்தெட்டு. அறுபத்தொம்போது. இவரு உக்காந்திருந்த பலகை மெதுவா மேல வந்துச்சு.

"பாருங்க, பழைய ஆளே வந்துட்டான்!"னு அண்ணி கை தட்டினாங்க. சொந்தமெல்லாம் சேந்து தட்டுச்சு. போட்டோகிராஃபர் ஓடி வந்தாரு.

கடைசிப் பொட்டலத்தை சம்சாரம்தான் வைக்கணும், வெச்சுட்டுக் குங்குமம் இடணும்னாரு பூசாரி. நான் வெல்லத்தை வெச்சேன். குங்குமத்தை எடுத்துக்கிட்டு இவரு பக்கம் வந்து குனிஞ்சேன்.

இவரு மூச்சைப் பிடிச்சுக்கிட்டாரு.

இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். கல்யாணமான புதுசுல மொட்டை மாடிக்குப் போயி ஊதிட்டு வந்து என் பக்கத்துல உக்காரும்போது இப்படித்தான் மூச்சைப் பிடிச்சுக்குவாரு. என் கை நெத்திக்கிட்ட அப்படியே நின்னுடுச்சு. நான் நகரலை. எத்தனை நேரம்தான் பிடிக்க முடியும், மனுஷன் விட்டுட்டாரு. மொதல்ல கிராம்பு வாசனை வந்துச்சு. அதுக்கு அடியில அது.

"எத்தனை நாளா?"ன்னேன்.

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "தீபாவளியிலேருந்து."

"அட பாவி மனுஷா! செத்துப் பொழைச்சு வந்தீங்களே! ஏன்?"

"ஊதினா பசிக்கலை அனு. கொறையணும்ல? எல்லாரும் அதைத்தானே கேட்டீங்க." கழுத்து மாலையை ஒதுக்கி விட்டுக்கிட்டாரு. "இருநூறு நாளுன்னு சொன்னேன். நீ காலை நகத்தச் சொன்ன."

அண்ணி சொன்னா அவங்க புத்தி அப்படி. மார்க்கெட்டுக்கு வேற பொழுதுபோக்கு கெடையாது. நான்? ஐசியூ வாசல்ல ஆத்தாகிட்ட நான் என்ன கேட்டேன்? இடுப்பையா கேட்டேன்?

"பூசாரி ஐயா, இவரை எறக்கிடுங்க"ன்னேன். "இவரு இன்னும் விடலை. இந்த வெல்லம் ஆத்தாளுக்குச் சேராது."

அண்ணி ஓடி வந்து என் கையைப் பிடிச்சாங்க. காதுகிட்ட வந்து, "மானத்தை வாங்காத. சாப்பாடு ரெடியாயிடுச்சு. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம். ஆளு ஒல்லியா, லட்சணமா இருக்கான்ல? அது போதாதா உனக்கு?"ன்னாங்க.

"போதாதுங்க அண்ணி. எனக்கு ஆளு வேணும்."

கையை உதறிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அண்ணி முன்னாடி நான் கையை உதறினது அன்னிக்குத்தான்.

இவரு யாரு கையையும் பிடிக்காம தானே எறங்கினாரு. அவ்வளவுதான், வெல்லம் இருந்த பலகை தொபுக்கடீர்னு தரையில வந்து எறங்குச்சு. நாலு பொட்டலம் பிரிஞ்சு உருண்டை வெல்லம் கோயில் பூரா ஓடுச்சு. ஒரு பெரியவரு கால்ல பட்டு, ஒண்ணு சன்னதி வாசப்படி வரைக்கும் போயி நின்னுச்சு. சொந்தக்காரங்க ஆளுக்கு ஒரு பக்கம் குனிஞ்சு பொறுக்கினாங்க. போட்டோகிராஃபர் அதையும் எடுத்தாரு.

என் காலடியில வந்த உருண்டையை நான் எடுத்தேன். புடவைத் தலைப்புல தொடைச்சு இவரு கையில குடுத்தேன்.

"தின்னுங்க."

"எடை கூடுமே அனு."

"கூடட்டும். அடுத்த தைக்கு எத்தனை மூட்டை ஆனாலும் நான் கொட்டுறேன். பலகை தாங்கலைன்னா புதுப் பலகை அடிச்சுக் குடுக்கறேன். தின்னுங்க."

அவ்வளவு பேரு பாக்க, இவரு அழுதுக்கிட்டே வெல்லத்தைக் கடிச்சாரு. டோமினிக் வேற பக்கம் திரும்பிக்கிட்டான்.

மறுநாள் காலையில எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். குளிச்சுட்டு வந்தவரு, மெஷின் இருந்த எடத்துலயே பழக்க தோஷத்துல வந்து நின்னாரு. என்னையும் தரையையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"எத்தனை நாளாச்சு?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணு"ன்னாரு.

சாப்பிட வரச் சொல்லி, தட்டுல இன்னும் ரெண்டு இட்லி வெச்சேன்.