உல்லாசக் கண்மாயின் வரலாறும் என் துண்டும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துண்டை உதறியது நான்தான். கட்டெறும்பு ஏறியிருந்தது. அந்த எறும்பு வேறு யார் தோளையாவது தேர்ந்தெடுத்திருந்தால் என் மச்சான் கருத்தப்பாண்டி இன்றைக்கும் முதலாளியாக இருந்திருப்பார். (இருந்திருப்பாரா? ஆறு வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கதையை எழுதுவதும் அதற்காகத்தான்.)

துண்டை உதறினால் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்பது நியாயம். கொஞ்சம் பொறுங்கள், வரலாற்றிலிருந்து வருகிறேன்.

2

பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில், ஏரிக்கரையோரம் துயில்கொள்ளும் ஓர் எழில்மிகு சிற்றூர்—

இந்த வரியை அடித்துவிட்டேன். அது ஏரி இல்லை, கண்மாய். துயிலும் கொள்ளாது, தவளைகள் விடாது.

என் மனைவி அழகுத்தாயின் ஊர் அது. அவளுடைய அண்ணன் கருத்தப்பாண்டி பட்டாளத்தில் இருந்தபோது காஷ்மீரில் படகுச் சவாரியைப் பார்த்து மயங்கியவர். எண்பத்தெட்டில் ஓய்வுபெற்று வந்ததும் கண்மாய்க்கரையில் நான்கு அறைகள் கட்டி, இரண்டு படகு விட்டு, ‘லேக் பாரடைஸ்’ என்று போர்டு மாட்டினார். ஊர் சிரித்தது. ஆனால் ராஜபாளையத்து மில்காரர்கள் குடும்பத்தோடு காரில் வந்தார்கள். கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பையன்கள் வந்து, கரையில் கட்டிக்கிடந்த படகில் துடுப்போடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு ஐஸ்கிரீம் பெட்டி வந்தது. நாற்காலி மாதிரி உட்கார்ந்து போகும் கக்கூஸ்* வந்தது. ஊர் சிரிப்பை நிறுத்திவிட்டு டீக்கடை போட்டது.

(* இதைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.)

3

இப்போது துண்டு. கோடையில் தண்ணீர் குறையும்போது அந்தப் பக்கத்தில் கண்மாயை ‘அழிப்பார்கள்’. ஊரே கூடி மீன்பிடிப்பதற்கு அப்படிப் பெயர். அதுவரை ஒருவரும் கைவைக்கக் கூடாது. குறித்த நாளில் நாட்டாமை சிவனாண்டி கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசிய மறுநொடி சுற்றுவட்டாரம் முழுக்க மீன்கூடையோடு தண்ணீருக்குள் இருக்கும்.

தொண்ணூற்றொன்றில் மச்சான் ஊரைக் கெஞ்சினார்: பள்ளிக்கூட லீவு முடியட்டும், அப்புறம் அழிக்கலாம், இந்த ஒரு கோடை தாண்டினால் விடுதி பிழைத்துக்கொள்ளும். ஊர் சம்மதித்தது. சம்மதித்துவிட்டு, கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தது.

என்னிடம் அவர் கேட்டது வேறு. “கதையெல்லாம் எழுதுறீகளே மாப்ள, நம்ம ஊரு வரலாற நாலு பக்கம் எழுதிக் குடுங்க. வாரவுகளுக்குக் குடுப்போம்.”

முதல் வரியைத் தேடிக் கரைமேல் ஏறினேன். தோளில் மாமியார் வீட்டில் கொடுத்த புத்தம்புது வெள்ளைத் துண்டு. எறும்பு. உதறினேன்.

அடுத்து நடந்ததை மூன்று முறை வர்ணித்துப் பார்த்தேன். மனிதக் கடல் பொங்கி— (பழசு.) ஓவென்ற பேரிரைச்சல் விண்ணை— (வேண்டாம்.) இவ்வளவு போதும்: நடுக்கண்மாயில் ஒரு நகைக்கடைக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்த படகிலிருந்து படகோட்டியே மீன்பிடிக்கக் குதித்துவிட்டான்.

“ஏலே, எங்களக் கரையில விட்டுட்டுப் போலே!”

“செத்த நேரம் இருங்க அண்ணாச்சி, கெண்டை போயிரும்!”

சாயங்காலம் கண்மாய் சேறாகக் கிடந்தது. தங்கியிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பினார்கள். வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. மறு வருடம் போர்டை இறக்கினார்கள். மச்சான் இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன்.

4

யாராவது என்னைத் திட்டியிருந்தால் இந்தக் கதைக்குத் தேவையே வந்திருக்காது. ஆனால் நான் அந்த ஊர் மாப்பிள்ளை.

“துண்டா? அட விடுங்க மாப்ள,” என்றார் நாட்டாமை. “வெயிலுக்கு மீனு அம்புட்டும் செத்து மிதந்திருக்கும். நல்லவேளை எறங்குனோம்.”

மாமியார் இருளம்மாளிடம் கேட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றபடி மகளுக்குப் பதில் சொன்னார்: “ஏட்டி, மாப்பிள்ளைக்கு ஈரல எடுத்து வையி.” அந்த வீட்டில் நான் கொலையே செய்தாலும் ஈரல் எனக்குத்தான்.

மச்சான்? அவர் சிரிப்பார். “நல்லாயிருக்கீகளா மாப்ள?” ஆறு வருடமாக அதே சிரிப்பு.

5

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான்காம் பகுதிவரை வாசித்துக் காட்டினேன். பிறகு முடிவுகளையும்.

அ) அன்றைக்குக் கண்மாயில் இறங்குவதென்று ஊர் முன்பே தீர்மானித்திருந்தது. துண்டு ஒரு சாக்கு.

ஆ) அடுத்த இரண்டு வருடமும் மழை இல்லை. எப்படியும் மூடியிருக்கும்.

இ) மச்சானுக்கு மில் வேலையில்தான் நிம்மதி. (எழுதும்போதே கூசியது.)

‘வாசகரே, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று உங்கள் தலையில் கட்டிவிட்டு நழுவுவதாகத் திட்டம்.

மச்சான் சிரித்தார். “மூணுமே நல்லாத்தான் இருக்கு மாப்ள.”

அடுப்படியிலிருந்து அழகுத்தாய் கரண்டியோடு வந்தாள். “எண்ணே, மாப்பிள்ளைன்னு பாக்காத. ஒரு பதிலுக்காக இந்த மனுசன் எம்புட்டுப் பேப்பர வீணாக்குதாரு பாரு. சொல்லிரு.”

மச்சான் அவளைப் பார்த்தார். பிறகு என்னை. சிரிப்பு மெல்ல இறங்கியது. அது இல்லாமல் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

“ஒங்களாலதான் மாப்ள. ஊரும் இல்ல, மழையும் இல்ல. ஒங்களாலதான். ஆறு வருசமா ஒங்களப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு எனக்குத் தாடை வலிக்கு.”