வானம் முழுவதும் தெல்மாவுக்கு

ரவுண்டானாவை நெருங்கும்போது தெல்மா கேட்டாள்.

"ஹெஸ்டர், வலது பக்கம் ஏதாவது வருதா, பாரு."

"ஏன், உனக்குக் கண்ணு இல்லையா? நீதானே ஓட்டறே?"

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். நீதான் ஏறினதுலேர்ந்து உம்முனு வர்றியே."

உம்மென்று இருந்ததற்குக் காரணம் இருந்தது. தோர்ப்பி ஊர்மன்றத்தில் அன்று ஜோடி ஜிக்சா போட்டி. வெட்டிய படத்துண்டுகளை இரண்டிரண்டு பேராகப் பொருத்தி முழுப் படமாக்க வேண்டும். நானும் தெல்மாவும் ஒரே தெருக்காரர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அந்தப் போட்டிக்கு ஒரே ஜோடி. அதை நடத்துகிற பிலிப்பா போன வாரம் எனக்குப் போன் செய்திருந்தாள். அவளுடைய ஜோடி ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்டாளாம். அக்டோபரில் நடக்கும் பெரிய போட்டிக்கு நான் அவளோடு சேர முடியுமா, சனிக்கிழமை போட்டி முடிந்து டீ குடிக்கும்போது பதில் சொன்னால் போதும் என்றாள். சரி என்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் அதைத் தெல்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவள் வண்டியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனேன்.

என்னைக் குறை சொல்வதற்கு முன்னால் தெல்மாவோடு ஒரு வியாழக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். வியாழன்தோறும் என் சமையலறை மேசையில்தான் எங்கள் பயிற்சி. முன்பெல்லாம் வேலை சுலபமாகப் பிரிந்திருந்தது. வீடு, மனிதர்கள், நாய், பூனை எல்லாம் தெல்மாவுக்கு. வானம் எனக்கு. வானம் என்பது கழுதைப் பொதி. எல்லாத் துண்டும் ஒரே நீலம். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எடுத்து, திருப்பி, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டியதுதான். இத்தனை வருஷமும் அதை வாய் திறக்காமல் செய்துவந்தேன். இந்தக் குளிர்காலத்திலிருந்து பெட்டியைத் திறந்ததும் "வானம் எனக்கு" என்று நீலத்தையெல்லாம் தன் பக்கம் வாரிக்கொள்கிறாள். என்னிடம் மிச்சமிருந்த ஒரே வேலையையும் தானே என்னைவிட நன்றாகச் செய்வேன் என்று காட்டப் பார்க்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

வானத்தோடு விட்டாளா? படம் போட்ட மூடிக்காக நாங்கள் பிடுங்கிச் சண்டை போட்டதுண்டு. இப்போது அதை என் பக்கம் தள்ளிவிட்டு, "எனக்கெதுக்கு மூடி?" என்கிறாள். என்ன திமிர்! அந்தத் திமிரோடு ஒரு ஆட்டின் முகத்தை வேலிச் செடிக்குள் வைத்தாள். இன்னொரு நாள் கூரை ஓட்டுத் துண்டைக் கதவுக்கு நடுவில் வைத்து, உட்காரவில்லை என்று கட்டை விரலால் அழுத்தினாள். அழுத்தினாள்! எங்கள் கூட்டத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. நான் சத்தம் போட்டால் பழி என் வீட்டு விளக்கின் மேல். பாவம் என் வீட்டுக்காரர் பெர்னார்ட், வலிக்கிற முட்டியோடு ஏணியில் ஏறிப் பெரிய பல்பாக மாட்டினார். "இன்னும் மங்கலாத்தான் இருக்கு" என்றாள் மகாராணி. பேசும்போதுகூட நேராகப் பார்ப்பதில்லை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெர்னார்டுக்கு இதெல்லாம் புரியாது. "முழுசா இருந்த படத்தை வெட்டி விக்கிறான். நீங்க காசு குடுத்து வாங்கி ஒட்டுறீங்க. ஒட்டினப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பார். "பிரிச்சுப் பெட்டியில போடுவோம்" என்றால் தலையில் அடித்துக்கொள்வார். அவரிடம் எப்படி விளக்குவது? தேடித் தேடிச் சலித்து, இது இந்தப் பெட்டியிலேயே இல்லை என்று முடிவு கட்டிய பிறகு, கண்ணெதிரிலேயே கிடக்கிற அந்தத் துண்டு கைக்கு வரும். அது தன் இடத்தில் போய் உட்காரும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காக நான் அடுப்பில் உருளைக்கிழங்கைத் தீய விட்டிருக்கிறேன். மேசையில் துண்டுகள் பரவிக் கிடக்கும்வரை மின்சாரக் கட்டணமோ முட்டி வலியோ மருமகளோ ஞாபகத்துக்கு வருவதில்லை. இதை வருஷக்கணக்காக என்னோடு சேர்ந்து அனுபவித்தவள் தெல்மா ஒருத்திதான். அதனால்தான் அவள் மேல் அவ்வளவு கோபம்.

தோர்ப்பி போகும் வழியில் வண்டி ஒரு வேலியை உரசியது. "முன்னாடி என்ன போகுது? பஸ்ஸா?" என்று கேட்டாள். "வைக்கோல் வண்டி. பெரிய வீடு மாதிரி போகுது, தெரியலையா?" என்றேன். மன்றத்துக்கு வெளியே இரண்டு வண்டி நிற்கிற இடத்தில் ஒன்றைக் குறுக்காக நிறுத்தினாள். ஒரு சக்கரம் பூச்செடிப் பாத்தியில் ஏறி நின்றது.

"ரொம்ப அழகு" என்றேன்.

"நன்றி" என்றாள்.

உள்ளே மேசைகளின் மேல் பழுப்புத் தாள் சுற்றிய பெட்டிகள் காத்திருந்தன. பிலிப்பா கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, புதிதாக வந்தவர்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துக்கென்று தனியாக ஒரு விதி உண்டு. கடைசித் துண்டை ஒருத்தர் வைத்தால் செல்லாது. ஜோடியில் இரண்டு பேருடைய விரலும் அதன் மேல் இருக்க வேண்டும். முன்னொரு காலத்தில் யார் வைப்பது என்று புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டு டீக்கோப்பை பறந்ததால் வந்த விதி அது. பிலிப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தேன்.

விசில் ஊதியதும் தாளைக் கிழித்தேன். பண்ணை வீடு, களஞ்சியம், ஆடுகள், குளத்தில் வாத்துகள். அதற்கு மேலே பாதிப் படத்துக்கு ஒரு மேகம்கூட இல்லாத வானம். இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவனுக்கு மனசாட்சி இல்லை.

"வானம் எனக்கு" என்றாள் தெல்மா.

"எடுத்துக்கோ தாயே. முழுசா எடுத்துக்கோ."

ஓரத் துண்டுகளைச் சேர்ந்தே முடித்தோம். பிறகு நான் களஞ்சியத்தில் இறங்கினேன். வேலை நன்றாகத்தான் ஓடியது. கதவு வந்தது, கூரை வந்தது, ஆடுகளில் பாதி எழுந்து நின்றன. பக்கத்து மேசையில் இளசுகள் இரண்டு பேர் எங்களைவிட வேகமாகப் போனார்கள். குளத்துக்கு வந்தபோது ஒரு துண்டு கிடைக்கவில்லை. கரையோர வாத்துக்கு உடம்பு இருந்தது, கால் இல்லை. மேசையைத் தடவினேன், மடியை உதறினேன், தரையில் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது தெல்மாவின் வானம் கண்ணில் பட்டது. நட்ட நடு வானத்தில் ஒரு மஞ்சள் வாத்துக்கால் தொங்கிக்கொண்டிருந்தது.

"தெல்மா, மேலே என்ன வாத்து பறக்குதா?"

"என்ன வாத்து?"

"குளத்துத் துண்டைக் கொண்டுபோய் வானத்துல வச்சிருக்கே. காலு தொங்குது பாரு. எடுத்துக் குடு."

சிரித்தாள். கையை நீட்டினாள். விரல் வாத்துக்காலைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்து இந்தப் பக்கம் தாண்டிற்று. கண்ணுக்கு முன்னால், பளிச்சென்ற மஞ்சளில் கிடக்கிறது. விரல்களால் வானத்தைத் தடவிக்கொண்டே போனாள்.

"எங்கே?" என்றாள்.

மூடியைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"இந்தப் படத்துல என்ன இருக்கு, சொல்லு."

முகத்தை ஒரு பக்கம் திருப்பினாள், பிறகு மறுபக்கம். "சுத்தி வேலி இருக்கு. மேலே வானம். கீழே புல்லு."

"நடுவுல?"

"நடுவுல இருக்கறதை நீதான் சொல்லணும்" என்றாள் தாழ்ந்த குரலில். "வயசான கண்ணுக்கு வர்றதாம். ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது ஹெஸ்டர். எதைப் பார்த்தாலும் நடுவுல மட்டும் ஒரு துண்டு காணோம்."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. முதலில் வந்தது ரவுண்டானா.

"அடிப்பாவி! நீ என்னை வண்டியில கூட்டிட்டு வந்திருக்கே!"

"மெதுவா பேசு."

"டாக்டர் ஓட்டலாம்னு சொன்னாரா?"

"கூடாதுன்னார்."

"எப்போ?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி."

"நேத்துகூட என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனியே! வழியில பள்ளிக்கூடம் இருக்கு, பிள்ளைங்க நடக்கற தெரு!"

"மெதுவாத்தானே போனேன். நீதான் பக்கத்துல இருந்து எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே வர்றியே."

சுற்றியிருந்த எல்லோரும் தங்கள் துண்டுகளை உற்றுப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் அடுத்தவர் சண்டையைக் கேட்கிற முறை அது. நான் மூடியை மேசையில் போட்டேன்.

"ஏன்டி சொல்லலை? பல்பு மாத்தத் தெரியுது, ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?"

"வண்டியை விட்டுட்டா நமக்கு ஏது போட்டி? பஸ் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருது. போட்டியெல்லாம் சனிக்கிழமை." கையிலிருந்த நீலத் துண்டைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "அதோட, சொன்னா நீ வேற ஜோடி பார்த்துக்குவே. பார்த்துக்கறது நியாயம்தான். குருட்டுக் கிழவியோட சேர்ந்து யாரு ஜிக்சா போடுவா?"

பிலிப்பா இருந்த பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை. காது இரண்டும் சூடாயின. கோபம் மட்டும் அப்படியே இருந்தது, ஆனால் யார் மேல் என்று சொல்ல முடியவில்லை.

"முதல்ல வானத்தை முடி" என்றேன். "அப்புறமா உன்னைக் கொல்றேன்."

வாத்துக்காலை நானே எடுத்துக் குளத்தில் வைத்தேன். பிறகுதான் அவள் கைகளைக் கவனித்தேன். ஒவ்வொரு நீலத் துண்டையும் எடுத்து, விளிம்பு முழுவதும் கட்டை விரலை ஓட்டினாள். பிறகு வானத்தில் இருந்த ஓட்டைக்குள் ஆள்காட்டி விரலை விட்டு அளந்தாள். "இதுக்கு ரெண்டு காது, ஒரு பக்கம் சரிஞ்ச தோளு" என்று முணுமுணுத்துக்கொண்டே சரியாகக் கொண்டுபோய் வைத்தாள். அந்தச் சின்னச் சத்தம் அடுத்தடுத்து வந்தது. இத்தனை வருஷமும் நான் வைத்து எடுத்து வைத்து எடுத்து மாய்ந்த வானம், அவள் விரலுக்குக் கீழே தானாக மூடிக்கொண்டு வந்தது. நீலத்தில் நீலம் தேடுவதற்குக் கண் தேவையே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கடைசித் துண்டு களஞ்சியத்துக்கு மேலே, பாதி கூரை பாதி வானம். நான் அதை ஓட்டைக்கு மேல் பிடித்தபடி அவள் விரலைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்தேன். சேர்ந்து அழுத்தினோம். இளசுகள் எப்போதோ முடித்திருந்தார்கள். எங்களுக்கு மூன்றாம் இடம், பரிசு ஒரு பிஸ்கட் டப்பா.

பிலிப்பா டீக்கோப்பைகளோடு வந்தாள்.

"என்ன ஹெஸ்டர், நான் கேட்டதை யோசிச்சியா?"

"எதைக் கேட்டா?" என்றாள் தெல்மா, முகத்தை ஒரு பக்கம் திருப்பி.

"அக்டோபருக்குத் தன்னோட சேர முடியுமான்னு கேட்டா" என்றேன். "எனக்குத்தான் ஜோடி இருக்கே பிலிப்பா. வானம் போடறதுக்கு இவளை மாதிரி ஒருத்தி இந்தச் சுத்துவட்டாரத்துல கிடைக்க மாட்டா. எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதிக்கோ."

தெல்மா டீயை ஊதிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் ஊதினாள்.

"நீ ஒரு உதவி செய்யணும், பிலிப்பா" என்றேன். "எங்களை வீட்டுல இறக்கி விடு."

"ஏன், தெல்மா வண்டி என்னாச்சு?"

இதை அவள்தான் சொல்ல வேண்டும். தெல்மா கைப்பைக்குள் துழாவி, சாவியை எடுத்துப் பிஸ்கட் டப்பாவின் மேல் வைத்தாள்.

"வண்டி ஓட்டறதை விட்டுட்டேன்."

"அப்படியா? எப்போலேர்ந்து?"

"இப்போலேர்ந்து."

பிலிப்பாவின் வண்டியில் பின்சீட் முழுக்க நாய் முடி. ஏறியதிலிருந்து அந்த நாயின் வயிற்றுக் கோளாறைப் பற்றியே பேசினாள். அதற்கு வேகவைத்த கோழிதான் ஒத்துக்கொள்கிறதாம். அக்டோபர் வரை, அதற்குப் பிறகும், எங்கே போவதானாலும் இந்த நாயின் வயிற்றைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தபோது எனக்கு மறுபடி தெல்மா மேல் எரிச்சல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்திருந்தாள். வண்டி ஓட்டாத தெல்மாவை நான் பார்த்ததே இல்லை. சின்னவளாக இருந்தாள்.

ரவுண்டானா வந்தது. அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"முன்னாடி என்ன போகுது?"

இனி அவளுக்கு அது தெரிந்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஓட்டுவது பிலிப்பா.

"டிராக்டர்" என்றேன். "பச்சை. பின்னாடி தொட்டி நிறைய ஆட்டுக்குட்டிங்க. ஒண்ணு மட்டும் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி நம்மளையே பார்த்துக்கிட்டு வருது."

"கறுப்பு மூக்கா?"

"கறுப்பு. மேலே வானம்..."

"வானத்தை விடு, அது எனக்குத் தெரியுது" என்றாள் தெல்மா. "நீ நடுவுல இருக்கறதைச் சொல்லு."

வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.